வணக்கம், சுகந்தி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கங்க சார், எனக்கு வெளிய பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல. எங்க, கரூரா? நானும் கரூர்தான். அந்த ஊர்ல எனக்கு ஒரு சோலியும் கிடையாது, ஆனா போக வேண்டியதாப் போச்சு. இல்ல, பையை மேல போட வேணாம். மடியிலயே இருக்கட்டும்.

உங்களுக்கு என்ன தொழில்? பெட்ஷீட் கம்பெனியில செக்கிங்கா. சரி சரி. ஓட்டை இருக்கா, நூல் விட்டிருக்கான்னு பாக்குறது. நல்லதுதான், எல்லா வேலைக்கும் மூளை வேணும்னா நாட்டுல பாதிப் பேரு பட்டினி கிடக்கணும். தப்பா நினைக்காதீங்க, பொதுவாச் சொன்னேன். நான் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர்னா ரயில் டிக்கெட் போட்டுக் குடுக்குறது, ஆதார்ல பேரு திருத்துறது, அதெல்லாம் இல்ல. வெப்சைட் கட்டுறது. மதுரை பைபாஸ் ரோட்டுல ஒரு கல்யாணக் கம்பெனி இருக்கு, பொண்ணு மாப்பிள்ளை பாத்துக் குடுக்குற வெப்சைட். அதுக்கு நான்தான் டெக்னிக்கல் ஹெட். எனக்குக் கீழ இருக்குறதெல்லாம் சும்மா தலையாட்டுறதுங்க.

முதலாளி பேரு ராஜமாணிக்கம். அச்சாபீஸ் வச்சிருந்தவரு. கல்யாணப் பத்திரிகை அடிச்சு அடிச்சு ஒருநாள் கல்யாணத்தையே நாம முடிச்சு வச்சா என்னன்னு தோணியிருக்கு. அந்த ஆளுக்கு மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாது, ஆனா ரெண்டு வெப்சைட்டுக்குச் சொந்தக்காரர். ஒண்ணு முதல் கல்யாணத்துக்கு. இன்னொண்ணு மறுமணத்துக்கு, அதாவது விவாகரத்து ஆனவங்க, துணை தவறிப்போனவங்க, அவங்களுக்கு. ஏன் ரெண்டு, ஒண்ணாவே வச்சுக்கலாமேன்னு கேட்டேன். பொண்ணைப் பெத்தவங்க முதல் பக்கத்துல விதவைங்கிற வார்த்தையைப் பாத்தா அபசகுனம்னு மூடிட்டுப் போயிருவாங்கன்னாரு. அதனால ரெண்டுக்கும் வேற பேரு, வேற கலரு. ஒண்ணு மஞ்சள், ஒண்ணு நீலம். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கணும்.

சம்பந்தமும் இருக்கக் கூடாது, ஆனா இதுல உள்ள நுழைஞ்சவன் அதுலயும் உள்ள நுழைஞ்சவனா இருக்கணும்னாரு. ஏன்னா மஞ்சள் சைட்டுல வந்து பேரெல்லாம் பதிஞ்சிட்டு, விவாகரத்து ஆச்சுன்னு ஒருத்தன் டிக் அடிச்சா அவனை நீலத்துக்குத் தள்ளி விடுறோம். அங்க போனா மறுபடி பேரு, பாஸ்வேர்டு. அவன் கடுப்பாகி ஓடிப்போயிர்றான். இதைச் சரி பண்ணுங்கன்னாரு. என்னமோ ரெண்டு ரூமுக்கு நடுவுல கதவு வைக்கிற மாதிரி சொல்லிட்டுப் போயிட்டாரு.

உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். நீங்க ஒரு வெப்சைட்டுக்குள்ள போனா அது உங்க கம்ப்யூட்டர்ல ஒரு துண்டுச் சீட்டை வச்சிட்டுப் போகும். குக்கீன்னு பேரு. திங்கிற குக்கீ இல்ல. அடுத்த தடவை போறப்ப அந்தச் சீட்டைப் பாத்து, ஓ இவரா, வாங்கன்னு உள்ள விட்டுரும். மீனாட்சி கோயில்ல செருப்பு விட்டா டோக்கன் குடுக்குறான்ல, அந்த மாதிரி. அந்த டோக்கனை அழகர்கோயில்ல நீட்டினா செருப்பு கிடைக்குமா? கிடைக்காது. ஒரு சைட்டு வச்ச சீட்டை இன்னொரு சைட்டு பாக்கவே முடியாது, அதுதான் சட்டம். அப்ப என்ன பண்றது? மூணாவதா ஒரு சைட்டு வைக்கணும், யார் கண்ணுக்கும் தெரியாம நடுவுல. மஞ்சளும் நீலமும் வர்ற ஆளை ஒரு நொடி அங்க அனுப்பி, இவரு யாரு, ஏற்கெனவே உள்ள வந்தவரான்னு கேட்டுக்கும். நடுவுல இருக்குறது தன் சீட்டைப் பாத்து ஆமா, இன்னாருன்னு சொல்லியனுப்பும். என்ன, எப்படி இருக்கு யோசனை?

இதை எங்கயோ படிச்சிட்டு வந்து முதல்ல சொன்னது ஜெபசிங்னு ஒரு பையன். நாசரேத்துக்காரன், எனக்கு அடுத்த இடத்துல இருந்தவன். ஆனா சரின்னு சொன்னது நான். நான் சரின்னு சொல்லலைன்னா அது வெறும் பேச்சு. அதனால அது என் யோசனைதான்.

வாடிப்பட்டி தாண்டிட்டானா? பரவால்ல, வெரசாத்தான் ஓட்டுறான்.

கட்டி முடிச்சதும் டெஸ்ட் பண்ணணும்ல. அதுக்குன்னு ஒரு தனி இடம் உண்டு, அங்க பொய்யா ஆளுங்களைப் பதிஞ்சு பாப்போம். பேருக்கு எங்க போறது, வீட்டு ஆளுங்க பேரையே போடுவேன். என் பேரு, வீட்டுக்காரி லோச்சனா பேரு. விதவைன்னு டிக் அடிச்சா ஒழுங்கா நீலத்துக்குப் போகுதான்னு பாக்க ஒரு விதவை வேணும். வீட்டுலயே இருக்கா. என் தங்கச்சி சுகந்தி. மாப்பிள்ளை தவறி ஆறு வருசம் ஆச்சு, அப்பலேர்ந்து எங்க வீட்டுலதான். பிள்ளை குட்டி கிடையாது. முப்பத்தெட்டு வயசு, பத்தாவது படிப்பு, சமையல், அவ்வளவுதான் அவ. அவ பேரு, அவ வயசு, அவ போன் நம்பரு எல்லாம் போட்டேன். ஓடிபி நம்பரு வரும்ல போனுக்கு, அதை அடுப்படியில இருந்து வாசிச்சுச் சொல்லுன்னு ஹால்ல இருந்து கத்துவேன். வாசிப்பா. இது என்னண்ணேன்னு ஒருநாள் கேட்டா. உனக்கு ஒண்ணுமில்ல, சும்மா டெஸ்ட்டுன்னேன். அப்புறம் டெஸ்ட்டு போற போக்குல அவ போனுக்கு மெசேஜா போயிருக்கு, சுகந்தி அவர்களே, உங்களுக்கு ஏற்ற வரன்கள் காத்திருக்கிறார்கள்னு. நான் அதையெல்லாம் நிறுத்தி வைக்கல. எதுக்கு நிறுத்தணும், அவ என்னத்தைப் பாக்கப் போறான்னு விட்டுட்டேன்.

எல்லாம் ஓடுச்சு. முதலாளிக்குச் சந்தோசம், ஆபீஸ்ல லட்டெல்லாம் குடுத்தாரு. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுல ஹால் கம்ப்யூட்டர்ல உக்காந்து மஞ்சள் சைட்டைத் தெறக்கிறேன். டெஸ்ட்டு இடம் இல்ல சார், நிஜ சைட்டு, ஊரே பாக்குறது. மேல வருது: வணக்கம், சுகந்தி.

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிருச்சு. டெஸ்ட்டுல போட்ட பேரு நிஜத்துக்குள்ள எப்படி வந்துச்சு? நீலத்தைத் தெறந்தா அங்கயும் வணக்கம், சுகந்தி. ரெண்டுலயும் ஒரே ஆளுன்னு காட்டுது, அதாவது நான் கட்டினது சரியா வேலை செய்யுது. அப்ப தப்பு ஜெபசிங் எழுதின பக்கம். நான் டெஸ்ட்டுல பதிஞ்சதை இந்தப் பையன் நிஜத்துல கொண்டு வந்து கொட்டிட்டான்னு முடிவு பண்ணி, அந்தக் கணக்கையே மொத்தமா அழிச்சு விட்டேன். எனக்கு அந்த அதிகாரம் உண்டு.

ரெண்டு வாரம் இருக்கும். மறுபடியும் வணக்கம், சுகந்தி. இந்தத் தடவை போட்டோ வேற இருக்கு. எங்க வீட்டு மாடியில, துணி காயப்போடுற கொடிக்குப் பக்கத்துல நிக்கிறா. எங்க வீட்டு ஆல்பத்துல இருந்து எதையோ எடுத்து டெஸ்ட்டுல போட்டிருப்பேன் போலன்னு நினைச்சேன். கீழ எதிர்பார்ப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல எல்லாரும் நல்ல வேலை, நல்ல குணம்னு எழுதுவாங்க. இதுல எழுதியிருக்கு, நான் பேசினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும்னு. இதெல்லாம் ஒரு எதிர்பார்ப்பா சார்? டெஸ்ட்டுக்கு இப்படிக் கன்னாபின்னான்னு எழுதி வைக்கிறது ஜெபசிங் புத்திதான்னு நினைச்சு, அதையும் அழிச்சேன்.

மறுநாள் ஆபீஸ்ல அவனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் கிழிச்சேன். அவன் நின்னு கேட்டான், கேட்டுட்டு, "சார், இது டெஸ்ட் கணக்கு இல்ல. யாரோ உக்காந்து டைப் பண்ணிருக்காவ. உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க"ன்னான். என் வீட்டுல. என் வீட்டுல இருக்குறதுக்கு கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியாதுன்னேன். நான் நேரா முதலாளிகிட்ட போய், இந்தப் பையன் வேலையால பொய்க் கணக்கெல்லாம் நிஜத்துல ஏறுது, இவனை வச்சுக்கிட்டா கம்பெனி பேரு போயிரும்னேன். அந்த மாசத்தோட அனுப்பிட்டாங்க. இப்ப பெங்களூர்ல எங்கயோ இருக்கானாம், பெரிய கம்பெனியாம். அந்தக் கம்பெனியும் அப்படித்தான் இருக்கும்.

இதைக் கேளுங்க. அவன் போறதுக்கு முந்தி ஒருநாள், ரிசப்ஷன்ல இருந்து கூப்பிடுறாங்க, ஒரு கஸ்டமர் தகராறு பண்றாருன்னு. போய்ப் பாத்தா தகராறெல்லாம் ஒண்ணுமில்ல, ஒரு ஆளு கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். விரல்ல எல்லாம் ஊசி குத்தின தழும்பு. கரூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறையில சீட்டு தைக்கிறவராம், பேரு தங்கவேல். சம்சாரம் தவறிருச்சாம். நீல சைட்டுல ஒரு பொம்பளைகூட பேசிக்கிட்டு இருந்தாராம், திடீர்னு காணோமாம். மறுபடி வந்தாங்களாம், மறுபடியும் காணோமாம். அதுக்கு இவரு வேலைக்கு லீவு போட்டுட்டு பஸ் ஏறி வந்திருக்காரு சார், வெப்சைட்டுல ஆளைக் காணோம்னு. வெப்சைட்டுன்னா பெட்டிக்கடைன்னு நினைச்சுட்டாரு.

பேரு என்னன்னு கேட்டேன். சுகந்தின்னாரு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதெல்லாம் பொய்க் கணக்குங்க, டெஸ்ட்டுக்கு வச்சது, அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னேன். அந்தாளு என் மூஞ்சியையே பாத்தாரு. "ஏனுங்க, டெஸ்ட்டு எப்படிங்க பதில் எழுதும்? நான் ஒண்ணு கேட்டா அந்தம்மணி ரெண்டு கேப்பாங்களே. என்ற சம்சாரத்துக்கு என்ன சீக்குன்னு கேட்டுச்சு, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில இருந்தீங்கன்னு கேட்டுச்சு. இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லீங்க"ன்னாரு. அதெல்லாம் மெசின் தானா எழுதும், இப்ப அந்த மாதிரி வந்திருச்சுன்னு சொல்லி அனுப்பிச்சேன். வேற என்ன சொல்றது, இவங்களுக்கெல்லாம் விளக்கமா சொல்ல முடியும்? சரிங்கன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. போனவரு அன்னிக்கே தன் கணக்கையும் அழிச்சிட்டாரு.

அன்னிக்கு ராத்திரி சாப்பிடுறப்ப இதைச் சொல்லிச் சிரிச்சேன். கரூர்ல இருந்து ஒரு சீட்டு தைக்கிறவன் இல்லாத பொம்பளையைத் தேடிக்கிட்டு வந்தான் பாருன்னு. லோச்சனா சிரிக்கல, தலையைக் குனிஞ்சுக்கிட்டா. இந்தப் பக்கம் தோசை எடுத்துட்டு வந்த சுகந்தி அப்படியே நின்னுட்டா. நின்னுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அவரு எத்தனை மணி பஸ்ஸுக்குப் போனாரு?"

எனக்கு எப்படித் தெரியும்னேன். அப்புறம்தான் சொன்னா. "நான்தாண்ணே அது. ரெண்டு தடவையும் நான்தான் பதிஞ்சேன். நீங்க பாக்கட்டும்னுதான் அதை மூடாம அப்படியே விட்டு வச்சேன். உங்ககிட்ட நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. பேரைப் பாத்தா என்ன சுகந்தின்னு ஒரு வார்த்தை கேப்பீங்க, கேட்டா சொல்லிரலாம்னு இருந்தேன்."

எப்படி சார் இருக்கு? கம்ப்யூட்டர் எதுக்கு இருக்கு, இவ சேதி சொல்றதுக்கா? அண்ணன்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்னா எதிர்ல வந்து நின்னு சொல்லணும். ஹால்ல எல்லாரும் உக்கார்ற கம்ப்யூட்டர், ஒருத்தர் உள்ள போனா வெளிய வந்துட்டு எழுந்திரிக்கணும், அதுதான் முறை. நான் அதைத்தான் சொன்னேன். வெளிய வராம எழுந்திரிச்சது உன் தப்பு, பாஸ்வேர்டு வேற ஒழுங்கா வச்சியா இல்லையான்னு கேட்டேன். அவ கேட்டது வேற. அந்தக் கணக்கைத் திரும்ப எடுத்துக் குடுங்கண்ணே, அவரு எழுதினதெல்லாம் அதுல இருக்குன்னா. அழிச்சது அழிச்சதுதான், திரும்ப வராதுன்னேன்.

இல்ல, எடுக்கலாம். நகல் ஒண்ணு எப்பவும் இருக்கும். ஆனா அதை எடுக்கணும்னா முதலாளி கையெழுத்து வேணும், எதுக்குன்னு எழுதிக் குடுக்கணும். நான் எழுதணும், ஜெபசிங் மேல தப்பில்ல, என் வீட்டுப் பொம்பளைதான்னு. என் நிலைமையில இருக்குறவன் அப்படி எழுதுவானா? நீங்களே சொல்லுங்க. நீங்க செக்கிங்ல ஓட்டைன்னு ஒதுக்கின துணியை மறுநாள் ஓட்டையே இல்லைன்னு சொல்வீங்களா? ஓ, சொல்வேங்கிறீங்களா. சரி, பெட்ஷீட் வேற, இது வேற.

வேடசந்தூர் வந்துருச்சு. டீ குடிக்கிறதுன்னா இறங்கிக் குடிச்சிட்டு வாங்க, நான் இடம் பாத்துக்கிறேன். வேணாமா, சரி.

மறுநாள் காலையில அவ வீட்டுல இல்ல. அவகிட்ட அந்த ஆளோட போன் நம்பர் கிடையாது, ஏன்னா நாங்கதான் நம்பரை ஒருத்தருக்கு ஒருத்தர் காட்ட விடமாட்டோமே. பேரும், பஸ் பாடி பட்டறைங்கிறதும்தான் தெரியும். கரூர்ல எத்தனை பட்டறை இருக்குன்னு உங்களுக்குத் தெரியாததா? பட்டறை பட்டறையாப் போய், சீட்டு தைக்கிற தங்கவேல் இங்க இருக்காரான்னு கேட்டிருக்கா. அத்தனை ஆம்பளைங்க வெல்டிங் வச்சுக்கிட்டு நிக்கிற இடத்துல. ஒரு பொம்பளை தேடுற முறையா இது? லோச்சனாவோட சித்தி வீடு அங்க இருக்கு, அங்க தங்கிக்கிட்டு தினமும் போயிருக்கா. கண்டுபிடிச்சிட்டா. எல்லாம் லோச்சனாவுக்குத் தெரிஞ்சு நடந்திருக்கு. கம்ப்யூட்டர் கத்துக் குடுத்ததே அவதானாம். என் வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு ட்யூஷன் சென்டர் ஓடியிருக்கு சார்.

ஒண்ணு மட்டும் சொல்றேன். ஜெபசிங் போனதுக்கப்புறம் அந்தக் கோளாறு வரவே இல்ல. ஹால்ல கம்ப்யூட்டரைத் தெறந்தா ஒரு பேரும் வர்றதில்ல, வணக்கமும் இல்ல ஒண்ணுமில்ல, சும்மா வெறுமனே இருக்கு. அப்ப தப்பு யாரு மேல?

நாளைக்குக் காலையில ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கல்யாணம். லோச்சனா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு முந்தாநேத்தே போயிட்டா. நான் போறதா இல்ல. சீட்டு தைக்கிறவனுக்கு மச்சான்னு போய் நிக்கவா? ஆனா நேத்து சுகந்தி போன் பண்ணினா. வீட்டை விட்டுப் போனதுக்கப்புறம் முதல் போன். நல்லா இருக்கீங்களா, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்கன்னு கேட்டா. ஹோட்டல்லன்னேன். "அண்ணே, அவுக இறப்புச் சர்டிபிகேட் உங்க பீரோவுல இருக்கு. அது இல்லாம பதிய மாட்டோம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. யார்கிட்டயாவது குடுத்து விடுங்க"ன்னா.

பாத்தீங்களா, கொண்டாங்கன்னு சொல்லல. குடுத்து விடுங்களாம். நான் என்ன கூரியரா? மாப்பிள்ளை தவறினப்ப அந்தச் சர்டிபிகேட்டை வாங்க நான் அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும். அவ அன்னிக்கு ஒரு மூலையில உக்காந்துருந்தா, நான்தான் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினேன். அது இல்லைன்னா நாளைக்கு ஒண்ணும் நடக்காது. அதான் நானே கொண்டு போறேன். இந்தா மடியில இருக்குற பைக்குள்ளதான் இருக்கு. நேர்ல நிக்க வச்சு நாலு கேள்வி கேப்பேன். அந்தாளுக்கு என்ன வருமானம், வீடு சொந்தமா, வாடகையா, குடிப்பாரா. பதில் சரியா இருந்தாத்தான் பையைத் தெறப்பேன், இல்லைன்னா அடுத்த பஸ்ஸுலயே திரும்பிருவேன். லோச்சனாகிட்டயும் போன்ல சொல்லிட்டேன், இந்த வண்டியிலதான் வர்றேன், எல்லாரும் தயாரா இருங்கன்னு.

ஊருக்குள்ள வந்துட்டோமா? இதுவா பஸ் ஸ்டாண்டு? இவ்வளவு நேரத்துல வந்துருச்சா.

சார், ஒரு நிமிசம், எந்திரிக்காதீங்க. அந்தா, அந்தக் கடை ஓரம். பச்சைச் சேலை. அவதான். பக்கத்துல நிக்கிறாரு பாருங்க, அவருதான். இவ என்ன இப்படி ஒவ்வொரு பஸ்ஸா ஏறி எட்டிப் பாக்குறா? குடுத்து விடுங்கன்னுதானே சொன்னா, வாங்கிட்டுப் போறதுக்கு இம்புட்டுத் தேடணுமா? மதுரை பஸ்ஸுல எல்லாம் ஏறிப் பாக்குறா. கீழ இறங்கி அழுகுறாளா? கண்ணைத் துடைக்கிறா. வெயிலா இருக்கும். நீங்க கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காருங்க, இந்தப் பக்கம் தெரிய வேணாம்.

சார், எனக்கு ஒரு உதவி. நீங்க இங்கதானே இறங்குறீங்க. இந்தச் சர்டிபிகேட் கவரை அவகிட்ட குடுத்துருங்க. இல்ல, பையோட குடுத்துருங்க, உள்ள ஒரு சேலையும் இருக்கு, லோச்சனா எடுத்துட்டு வரச் சொன்னா. லோச்சனா சொல்லல, நான்தான் எடுத்தேன். அதைச் சொல்ல வேணாம். இந்த வண்டி சேலம் வரைக்கும் போகுது, நான் கண்டக்டர்கிட்ட டிக்கெட் போட்டுக்கிறேன். சேலத்துல எனக்கு ஒருத்தரைப் பாக்க வேண்டியிருக்கு.

யார் குடுத்தான்னு கேப்பா. மதுரையில வண்டி கிளம்புறப்ப ஒருத்தர் ஓடி வந்து ஜன்னல் வழியா குடுத்தாருன்னு சொல்லுங்க. அண்ணன் வந்திருக்காரான்னு கேட்டா, வரலைன்னு சொல்லிருங்க. இறங்குங்க சார், இந்தப் பக்கம்தான் வர்றா.